‘அவள்’ என்பதா, ‘அது’ என்பதா? – இயந்திர உடலும் தமிழ்த் திணையும்



இப்பொழிவின் பொருள் ஒரு மாணவியின் வினாவிலிருந்து பிறந்தது. புந்தோங்கில் நடைபெற்ற கட்டுரைப் பயிலரங்கு ஒன்றில், ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி தான் விரும்பிப் பார்த்த ஜப்பானிய அசைவூட்டப் படத்தைப் பற்றி எழுத முனைந்தாள். அரை மணி நேரம் கழிந்தும் தாளில் ஒரு வரிகூட இல்லை. காரணம் கேட்டோம். “ஐயா, கதைத் தலைவிக்கு மூளை மட்டுந்தான் மனித மூளை. உடம்பு முழுக்க இயந்திரம். இவளை ‘வந்தாள்’ என்று எழுதுவதா, ‘வந்தது’ என்று எழுதுவதா? மலாயில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை” என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். மலாய் வினைச்சொல் எழுவாய்க்கேற்ப ஈறு மாறுவதில்லை. ஆங்கிலத்திலும் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சில வாக்கியங்களைக் கடந்துவிடலாம். தமிழில் அது எளிதன்று. படர்க்கை வினைமுற்று வந்தவுடன், பேசப்படும் பொருள் மக்களைச் சேர்ந்ததா, அல்லாததா என்று சொல்லியே ஆகவேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் அப்படம் இறுதிவரை ஆராயும் வினாவைத் தமிழ் இலக்கணம் முதல் வாக்கியத்திலேயே நம்முன் வைத்துவிடுகிறது.

அன்று அம்மாணவியிடம், “‘அவள்’ என்றே எழுது” என்று சுருக்கமாகச் சொன்னோம். அவ்விடைக்குரிய காரணத்தை இங்கு விரித்துரைக்க விரும்புகிறோம். அக்காரணம் ஜப்பானியப் படங்களில் தொடங்கித் தொல்காப்பியத்தின் வழியாகச் சென்று, பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வந்து சேர்கிறது.

படங்கள் எழுப்பிய வினா

தொழில்நுட்பம் மிக உயர்ந்தும் மனித வாழ்வு மிகத் தாழ்ந்தும் ஒரே நகரத்தில் அருகருகே இருக்கும் எதிர்காலத்தைக் காட்டும் புனைவு வகையைச் ‘சைபர்பங்க்’ என்பர். வில்லியம் கிப்சன் 1984இல் வெளியிட்ட ‘நியூரோமான்சர்’ என்னும் ஆங்கில நாவலை அவ்வகையின் முதன்மை நூலாகக் கொள்வது வழக்கம். ஆயினும் அதற்கு ஈராண்டுக்கு முன்பே, 1982இல், ஒத்தோமோ கத்சுஹிரோ என்னும் ஜப்பானியக் கலைஞர் ‘அகிரா’ என்னும் சித்திரக்கதைத் தொடரைத் தொடங்கிவிட்டார். 1988இல் அதனை அவரே படமாகவும் இயக்கினார். 2019ஆம் ஆண்டின் ‘நியோ தோக்கியோ’ நகரத்தில் கதை நிகழ்கிறது. அரசின் மறைவான ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட குழந்தைகளின் உள்ளங்கையில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 25, 26, 27 என்பன அவர்களின் எண்கள். படத்தின் பெயராக விளங்கும் அகிராவுக்குரிய எண் 28. இந்த எண்களை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இவற்றுக்குத் திரும்பி வருவோம்.

இவ்வகைக் கதைகளுக்கு ஜப்பானில் முன்னோடியும் உண்டு. தெசுகா ஒசாமு 1952இல் தொடங்கிய ‘அத்தோம்’ என்னும் இயந்திரச் சிறுவனின் கதை அது. விபத்தில் மகனை இழந்த அறிவியலாளர் ஒருவர் அவனைப் போலவே ஓர் இயந்திரச் சிறுவனை உருவாக்குகிறார். அச்சிறுவன் மனிதப் பிள்ளையைப் போல வளரவில்லை என்று கண்டதும் அவனைச் சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். மகனாக இருந்தபோது உயர்திணை. விலைக்குப் போனபோது அஃறிணை. திணை மாற ஒருவரின் மனம் மாறினாலே போதும் என்பதை இக்கதை காட்டிவிடுகிறது.

மாணவி பார்த்த படம், ஒஷீ மமோரு 1995இல் இயக்கிய ‘கோஸ்ட் இன் தி ஷெல்’. மசமுனே ஷிரோ 1989இல் தொடங்கிய சித்திரக்கதையை அடிப்படையாகக் கொண்டது. ஹாங்காங்கை மனத்தில் கொண்டு வரையப்பட்ட அதன் நகரத்தில், நெருக்கமான கடைவீதிகளுக்கு மேலே சீன எழுத்துப் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. ஈப்போவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது அந்நிய நகரமாகத் தோன்றாது. கதைத் தலைவி குசனாகி மொத்தோக்கோ அரசின் சிறப்புக் காவற்பிரிவில் அதிகாரி. அவளுடைய உடல் ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அவ்வுடலுக்குள் எஞ்சியிருக்கும் மூளையும், ‘கோஸ்ட்’ என்று அவர்கள் அழைக்கும் ஒன்றுமே அவளுக்குரியவை.

படத்தில் வேறிருவரும் நமக்கு முக்கியமானவர்கள். ஒருவர் குப்பை அள்ளும் தொழிலாளி. மனைவியும் மகளும் உள்ளதாக அவர் நம்புகிறார். விசாரணையில், அந்நினைவுகள் அவருடைய மூளைக்குள் பிறரால் புகுத்தப்பட்டவை எனத் தெரியவருகிறது. மகளின் படம் என்று அவர் எடுத்துக் காட்டிய படத்தில் அவரே நிற்கிறார். மற்றொன்று ‘பொம்மலாட்டக்காரன்’ என்று பெயர் பெற்ற கணினி நிரல். தாயும் தந்தையும் இல்லாமல் தகவற் பெருக்கிலிருந்து தோன்றிய அந்நிரல், தானும் ஓர் உயிர் என்று வாதிட்டு அரசியல் புகலிடம் கேட்கிறது. ‘ஒருவர்’ என்றும் ‘ஒன்று’ என்றும் இப்போது நாமே பிரித்துச் சொல்லிவிட்டதைக் கவனிக்க வேண்டும். அவ்வாறு பிரிக்காமல் தமிழில் இக்கதையைச் சொல்ல நம்மால் இயலவில்லை.

திணை என்னும் பழைய வினா

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் திணைப் பாகுபாட்டுடன் தொடங்குகிறது. மக்கள் என்று சுட்டப்படும் பொருள் உயர்திணை. அவரல்லாத பிற அஃறிணை. இங்குச் ‘சுட்டு’ என்னும் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைவிட, பேசுவோர் அதனை எவ்வாறு கருதிச் சுட்டுகின்றனர் என்பதற்கே அச்சொல் இடம் தருகிறது என்று நாம் கொள்கிறோம்.

எல்லை எங்கே என்பதிலும் நம் இலக்கண நூல்கள் ஒரே நிலையில் நிற்கவில்லை. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியலோ, மக்களை ஆறறிவுடைய உயிர் என வகுத்துவிட்டு, அந்த இனத்தைச் சேர்ந்தவை வேறும் உள்ளன என்று கூறி நிறுத்துகிறது. அவை எவை என்பதை உரையாசிரியர்கள் தத்தம் காலத்துக்கேற்ப விளக்கினர். அந்த வாயிலைப் பழைய ஆசிரியர் மூடாமல் விட்டுச் சென்றிருக்கிறார்.

தன்மைப் பெயர்களைப் பற்றிய வேறுபாடு இதனினும் நுட்பமானது. தொல்காப்பியம் ‘யான், யாம், நாம்’ என்பவற்றை உயர்திணைப் பெயர்களோடு சேர்த்து எண்ணுகிறது. அதன்படி ‘யான்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக்கூடியது உயர்திணையே. நன்னூல் தன்மைப் பெயர்களை இருதிணைக்கும் பொதுவாக வைக்கிறது. அதன்படி ‘நான்’ என்று ஒன்று பேசுவதால் மட்டும் அதன் திணை புலப்படாது. ‘நான் ஓர் உயிர்’ என்று வாதிடும் கணினி நிரலைத் தொல்காப்பியர் முன்னும் பவணந்தியார் முன்னும் நிறுத்தினால், இருவரும் இருவேறு தீர்ப்புக் கூறுவர் எனலாம். இற்றைக் கைப்பேசியில் உள்ள செய்யறிவுச் செயலிகள் தமிழிலேயே ‘நான்’ என்று எழுதுகின்றன. ஆகவே இது வகுப்பறைக்கு வெளியேயும் எழும் வழக்கு.

திணைப் பகுதியில் மற்றொரு நூற்பாவும் உண்டு. மனிதரைக் குறித்தும் அஃறிணை முடிபு பெறும் சொற்களை அது தொகுத்துத் தருகிறது. மகவு, குழவி, குழு, அரசு ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. ‘குழந்தை அழுதது’, ‘அரசு ஆணையிட்டது’ என்று இன்றும் எழுதுகிறோம். அன்பினால் சொல்லும் சொல்லும் சினத்தினால் சொல்லும் சொல்லும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. இவற்றுக்கு இடையே ‘அடிமை’ என்னும் சொல்லும் இருக்கிறது. பொருளால் மனிதர், முடிபால் அஃறிணை. நூல் வழக்கைப் பதிவு செய்கிறது, தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும் ஒருவரின் நிலைமையைக் குறிக்கும் சொல்லே அவருக்குப் பெயராகும்போது வினைமுற்றில் மனிதர் மறையக்கூடும் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று.

ஜப்பானிய மொழி கோடு கிழிக்கும் இடம்

ஜப்பானிய மொழியில் வினை, எழுவாயின் பாலையோ எண்ணையோ காட்டாது. ஆனால் ‘உள்ளது’ என்று சொல்ல இரு வினைகள் உண்டு. மனிதரும் விலங்கும் இருப்பதைச் சொல்ல ‘இரு’. மரமும் கல்லும் கருவியும் இருப்பதைச் சொல்ல ‘அரு’. நம் ‘இரு’வோடு இதற்குள்ள ஒலி ஒப்புமையைக் கண்டு உடனே உறவு கொண்டாடிவிட வேண்டா. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ நெடுங்காலம் வாதிட்டார்; மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. இங்கு நாம் கருதுவது உறவை அன்று. கோடு விழும் இடத்தை. ஜப்பானியர் தாமாக இயங்கும் உயிருக்கும் இயங்காப் பொருளுக்கும் இடையே கோடு கிழிக்கின்றனர். நாமோ மனிதருக்கும் மற்றெல்லாவற்றுக்கும் இடையே கிழிக்கிறோம். எனவே தானே நடக்கும் ஓர் இயந்திர நாயைப் பற்றிப் பேசும் ஜப்பானியருக்கு எந்த வினையைச் சொல்வது என்னும் தயக்கம் தோன்றலாம். தமிழருக்கு அத்தயக்கம் இல்லை. நாயும் ‘அது’, இயந்திரமும் ‘அது’.

இவ்விடத்தில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நினைவுக்கு வருகிறது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர்த் தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவந்த நாவல் அது. மக்களின் பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது, குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும், ஆள்வோன் ஜீவா. மின்னணுப் பொறியாளரான சுஜாதா கற்பனை செய்த நாடு அது. நாவலில் வாசகர் நெஞ்சில் நிலைத்த பாத்திரம் ஜீனோ என்னும் இயந்திர நாய். அந்நாய் மனிதரைக் காட்டிலும் தெளிவாகச் சிந்தித்தபோதும் தமிழ் இலக்கணம் தடுமாறவில்லை. ஆனால் 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தில் இயந்திரத்துக்கு மனித முகம் கிடைத்தது. காண்போர் நாவில் ‘அவன்’ என்பதும் இயல்பாக வந்தது. முகம் ஒன்றே திணையை மாற்றப் போதுமானதாக இருந்தது.

ஜப்பானியப் படத்தின் சொல்லாட்சியையும் இங்கே நோக்கலாம். உயிருக்கும் உள்ளத்துக்கும் ஜப்பானிய மொழியில் பழஞ்சொற்கள் உண்டு. ஆயினும் கதைமாந்தர் ‘கோஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லையே கடன் வாங்கி ஆள்கின்றனர். சமயமும் மரபும் பொருளேற்றி வைத்த சொற்களை ஆசிரியர் தவிர்த்திருக்கிறார் என்று கருதலாம். தமிழில் நம்மிடம் உள்ள சொற்கள் வேறு வகையானவை. எழுத்துகளையே உயிர் என்றும் மெய் என்றும் பிரித்து, அவை கூடியதை உயிர்மெய் என்றோம். மெய் தானே இயங்காது, உயிரோடு கூடியே இயங்கும் என்பதை நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே கற்றுவிடுகின்றனர்.

உழைப்பின் பெயர் ஆளின் பெயரானது

இனிச் சொல் வரலாறு ஒன்றைக் காண்போம். ‘ரோபோ’ என்று நாம் வழங்கும் சொல், செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தால் உலகிற்கு அறிமுகமானது. அதன் அடிச்சொல் ‘ரோபோத்தா’. நிலக்கிழாருக்கு மக்கள் ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு என்பது அதன் பொருள். அந்நாடகத்து ரோபோக்கள் உலோகத்தால் ஆனவையும் அல்ல. செயற்கை முறையில் உருவாக்கப்பட்ட உடல்கள். உழைப்புக்கென்றே படைக்கப்பட்ட மனிதவடிவம் என்பதே அச்சொல்லின் கருப்பொருள்.

தமிழில் ‘கூலி’ என்பது உழைப்புக்குத் தரும் ஊதியம். ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஆவணங்களில் அதே ஒலியுடைய சொல் ஊதியத்தை விட்டு ஆளைக் குறித்து நின்றது. அவ்வாங்கிலச் சொல்லின் பிறப்புப் பற்றி வேறு கருத்துகளும் உள்ளன. எனினும் கடல் கடந்து இங்கு வந்த தமிழர், தமக்குக் கிடைக்கும் காசின் பெயராலேயே தாம் அழைக்கப்படுவதைக் கேட்டனர் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது சொல் ஜப்பானியச் சொல். ‘ரோமுஷா’ என்றால் உழைப்பாளி. ஜப்பானியர் மலாயாவை ஆண்டபோது, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்தனர். அவ்வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அவர்களுள் பெருந்தொகையினர் மாண்டனர். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் பெயர் பொறித்த கற்களுடன் பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலோர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. கைதிகளுக்குப் படைப்பிரிவின் பதிவேடு இருந்தது. ரோமுஷாவுக்கு அத்தகைய பதிவேடு இருந்ததில்லை.

நம் பாட்டனாரும் அவ்வாறு சென்று திரும்பாதவர். இதனை அந்நாட்டுக் கலைஞர்மீது குறையாகச் சொல்லவில்லை. அகிராவின் உள்ளங்கை எண்களை வரைந்தவர், மனிதர் எண்ணாக்கப்படுவதன் கொடுமையை உணர்ந்தே வரைந்திருக்கிறார். அவ்வுணர்வு நமக்கு ஏன் அந்நியமாகத் தோன்றவில்லை என்பதற்கு நம் குடும்ப வரலாறே காரணம் என்கிறோம்.

கூடு யாருடையது?

குசனாகியும் அவளுடைய தோழன் பாட்டோவும் படகில் அமர்ந்து பேசும் காட்சி ஒன்று படத்தில் உண்டு. அவர்கள் பணியிலிருந்து விலகலாம், தடையில்லை. ஆனால் விலகினால் உடலை அரசிடம் திருப்பித் தரவேண்டும். அவ்வுடலோடு சேர்ந்த நினைவுகளையும் விட்டுச் செல்லவேண்டும். அவள் வாழும் கூடு அவளுக்குச் சொந்தமன்று.

தோட்டத்தில் பிறந்தோர்க்கு இக்காட்சி புரியும். லயத்து வீடு தோட்டத்துக்குரியது. ஆயாக் கொட்டகையும் மருந்தகமும் கோயில் நிற்கும் நிலமும் பல இடங்களில் தமிழ்ப்பள்ளி நிற்கும் நிலமும் தோட்டத்துக்குரியவை. இருள் பிரியும் முன் பிரட்டுக்களத்தில் நின்று, கிராணியார் கூப்பிடும்போது குரல் கொடுத்து, பால்மரம் வெட்டப் போகும் வரைதான் அந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். வீட்டோடு பள்ளியும் கோயிலும் அண்டை அயலும் போகும். 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டுகளாக விற்கப்பட்ட ‘தோட்டத் துண்டாடல்’ காலத்தில் பல குடும்பங்களுக்கு இதுவே நேர்ந்தது. அந்நிலை கண்டே, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், தொழிலாளரே பங்குதாரராகித் தோட்டங்களை வாங்கும் வண்ணம் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கூட்டை அதில் வாழ்வோருக்கே உரியதாக்கும் முயற்சி அது.

நம் குடும்பம் புந்தோங்குக்கு வந்ததும் அத்தகைய ஒரு விற்பனைக்குப் பின்னரே. அம்மா ஈயப் பட்டறையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பாட்டி, கச்சாங் பூத்தே வறுக்கும் வீடொன்றில் கடலை புடைத்துக் கொடுத்தார். தோட்டத்துப் பிரட்டில் தமக்கிருந்த எண்ணைப் பாட்டி இறுதிவரை மறக்கவில்லை. கேட்டால் அதனை மலாயிலும் தமிழிலும் சொல்லிக் காட்டுவார்.

அட்டையும் நினைவும்

1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் பதிவு செய்துகொண்டு, படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருக்கவேண்டும் என்னும் சட்டம் வந்தது. மக்கள் நலத்துக்கென்று இல்லாமல், காட்டிலிருந்த கிளர்ச்சியாளரைப் பிரித்தறியும் காவற்கருவியாகவே மலாயாவில் அட்டை பிறந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, குடியுரிமைக்கு உரியவர்களாயிருந்தும் விண்ணப்பிக்காமல் விட்ட தோட்டத் தொழிலாளர் பலர். எழுத்தறியாமையும் பிறப்புப் பத்திரம் இல்லாமையும் அதற்குக் காரணங்கள். அவர்களுள் பலருக்கு வாய்த்தது சிவப்பு அட்டை. அதனை உடையவர் நிரந்தரவாசி, குடிமகன் அல்லர். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற நிலை வந்தபோது, தாம் பிறந்திராத அல்லது மறந்துபோன இந்தியாவுக்குக் கப்பலேறியோரும் பலர்.

நம் பாட்டி பேராக் தோட்டமொன்றில் பிறந்தவர். பிறப்பைப் பதிவு செய்தவர் எவருமில்லை. கணவர் எந்த மாதத்தில், எந்தப் பாதை வழியாகச் சயாமுக்கு நடத்திச் செல்லப்பட்டார் என்பதை அவர் தெளிவாக நினைவு வைத்திருந்தார். ஆனால் அந்நினைவுக்குச் சான்றாகத் தாள் ஒன்றும் இல்லை. சிவப்பு அட்டையோடுதான் அவர் மறைந்தார்.

படத்தின் குப்பைத் தொழிலாளியை இவருக்கு அருகில் வைத்துப் பார்ப்போம். அவருடைய நினைவு பொய்; ஆயினும் அதனை அவர் நம்பி வாழ முடிந்தது. பாட்டியின் நினைவு மெய். அதனை எந்த மேசையிலும் ஏற்கவில்லை. நினைவே ஒருவரின் அடையாளம் என்றால் அந்நினைவை மாற்றிவிடலாமே என்று ஜப்பானியப் படம் அஞ்சுகிறது. மெய்யான நினைவு இருந்தும் பதிவேட்டில் இல்லாவிட்டால் ஆளே இல்லையாகிவிடுகிறார் என்பது நம் பட்டறிவு. எதிர்காலத்துக்குரியது என்று படம் காட்டும் கேள்வியை நம் முன்னோர் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டுவிட்டனர்.

மலேசியா 2001இல் ‘மைகாட்’ என்னும் அட்டையை வெளியிட்டது. அதன் சில்லில் உரியவரின் கைரேகைத் தகவல் பதிந்திருக்கிறது. அதிலுள்ள பன்னிரண்டு இலக்க எண்ணை மாணவர்கள் எடுத்துப் பார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். பேராக்கில் பிறந்த பலருக்கு அது 08. கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். இலக்கணம் கற்றோர்க்கு இது வியப்பளிக்கும். தமிழ் வினைமுற்று காட்டுவனவற்றுள் காலமும் பாலும் அவ்வெண்ணில் உள்ளன. ‘இடம்’ வேறு பொருளில் இருக்கிறது. திணை மட்டும் அதில் இல்லை. அதனைத் தருவது பேசுவோர் பொறுப்பு.

அட்டையையும் சில்லையும் நாம் பழிக்கவில்லை. அட்டை இருப்பதால்தான் மருத்துவமனையும் பள்ளியும் வாக்குச்சாவடியும் கதவு திறக்கின்றன. அட்டை இல்லாத துன்பத்தை அறிந்தோர் அதனை இகழமாட்டார்கள். ஆனால் அட்டை ஒருவரை மனிதர் என்று உறுதி செய்யும் ஆவணமன்று. முன்பே மனிதராக உள்ள ஒருவரை அரசு அறிந்துகொண்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவே.

மாணவிக்குரிய விடை

இப்போது தொடக்க வினாவுக்கு வருவோம். குசனாகியை ‘அவள்’ என்று ஏன் எழுதவேண்டும்?

இருவகைப் பிழைகள் நேரக்கூடும். மனிதர் அல்லாத ஒன்றை ‘அவள்’ என்று எழுதிவிடுவது ஒரு பிழை. மனிதரை ‘அது’ என்று எழுதிவிடுவது மற்றொரு பிழை. முதற்பிழையால் நாம் இழப்பது சிறிது. பொம்மையோடு பேசும் குழந்தை நாள்தோறும் அப்பிழையைச் செய்கிறது. இரண்டாம் பிழையின் விலையைச் சயாம் பாதையிலும் பிரட்டுக்களத்திலும் பதிவு மேசையிலும் கண்டோம். இரண்டும் சம எடையுடையவை அல்ல. ஐயம் எழும் இடத்தில் உயர்திணையைத் தேர்வதே நம் வரலாறு கற்பிக்கும் முறை.

பொம்மலாட்டக்காரன் என்னும் நிரலை எவ்வாறு எழுதுவது? இங்கே நன்னூல் துணை நிற்கிறது. ‘நான்’ என்று பேசுவது மட்டும் சான்றாகாது என்னும் எச்சரிக்கை செய்யறிவுக் காலத்தில் மிகவும் பயன்படும். மனிதரைப் பொறுத்தவரையிலோ தொல்காப்பியத்தின் வழியே நமக்குரியது. ‘யான்’ என்று சொல்லி ஒரு மனிதர் நம்முன் நின்றால் அவரிடம் வேறு சான்று கேட்க வேண்டா. இயந்திரத்தின் சொல்லை ஆராய்ந்து ஏற்கவேண்டும். மனிதரின் சொல்லை ஏற்றபின் ஆராயவேண்டும். இரு நூல்களையும் இவ்வாறு இருவேறு இடங்களில் பயன்படுத்துவதில் முரண் ஒன்றுமில்லை என்பது நம் துணிபு.

ஆசிரியர்களுக்கு ஈர் எளிய பயிற்சிகளைப் பரிந்துரைத்து முடிக்கிறோம். இத்தகைய படம் ஒன்றின் கதையை ஒரு பத்தியில் மாணவர்களை எழுதச் செய்யுங்கள். பின்னர் அதே பத்தியில் ‘அவள்’ என்பதை ‘அது’ என்றும், ‘வந்தாள்’ என்பதை ‘வந்தது’ என்றும் மாற்றி உரக்கப் படிக்கச் செய்யுங்கள். திணை இலக்கணத்தை அதற்கு மேல் விளக்கத் தேவையிராது. அடுத்து, தத்தம் குடும்பத்தில் தோட்டத்தில் உழைத்த மூத்தவர் ஒருவரின் முழுப்பெயர், ஊர், செய்த வேலை, நினைவிலுள்ள பிரட்டு எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். முழுப்பெயர் முதலில் இருக்கட்டும். எண் கடைசியில் இருக்கட்டும். வினைமுற்றுகள் உயர்திணையில் இருக்கட்டும்.

அம்மாணவி அன்று தன் கட்டுரையை எழுதி முடித்தாள். முதல் வாக்கியம், ‘குசனாகி உயரமான கட்டடத்தின் உச்சியில் நின்றாள்’ என்பது. அதில் நாம் திருத்த ஒன்றுமில்லை.